பலர் போட்ட காசு, ஒருவன் கையில் யோகம்!

சம்பளம் போட்ட வாரக் கடைசியில் பட்டணத்து நம்பர் கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். டெங்கிலாகட்டும், பந்திங்காகட்டும், வரிசையில் நம்மவர்களும் நிற்பார்கள். ஜேக்பாட் தொகை கோடியைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால் வரிசை இன்னும் நீளும். "இந்த வாட்டி விட்டுடக் கூடாதுண்ணே!" என்பார் ஒருவர். "அடிச்சா முதல்ல ஒரு வீடு வாங்கிடணும்" என்பார் இன்னொருவர்.

வீட்டு ஆசை தப்பே இல்லை. 1990களில் புத்ராஜெயா நகரை எழுப்புவதற்காகப் பிராங் பெசார், செட்ஜ்லி, காலோவே, மெடிங்லி தோட்டங்கள் எடுக்கப்பட்டன. அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. லயமும் போய், தோட்டத்து வேலையும் போனவர்களுக்குச் சொந்த நிலம், சொந்த வீடு என்றால் சும்மாவா? ஆனால் அந்த ஆசையை நம்பர் கடையில் கொண்டுபோய் அடகு வைக்கலாமா? அதைத்தான் இன்று பேச வேண்டும்.

முதலில் இந்த வியாபாரம் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்வோம். 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி நிதியமைச்சு லைசென்ஸ் கொடுக்கிறது. ஸ்போர்ட்ஸ் டோட்டோவை 1969ல் அரசாங்கமே தொடங்கியது; 1985ல் அது தனியாருக்குப் போனது. நாடு முழுவதும் கடைகளில் எழுதும் சீட்டெல்லாம் கம்ப்யூட்டர் வழியே ஒரே இடத்தில் போய்ச் சேருகிறது. அந்தப் பணத்தில் அரசாங்க வரி, ஏஜண்டு கமிஷன், கம்பெனிச் செலவு, லாபம் எல்லாம் போக மிச்சம்தான் பரிசு. ஜேக்பாட் யாருக்கும் விழாவிட்டால் தொகை அடுத்த குலுக்கலுக்குத் தாண்டும். தொகை பெருகப் பெருக ஆசை பெருகும். ஆசை பெருகப் பெருகச் சீட்டும் பெருகும். நாம் தோற்ற காசே நம்மை மறுபடி கூப்பிடும் விளம்பரமாகிறது!

நாலு நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் நம்பர். 'பெரிசு' கட்டினால் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. பிறகு 180 வெள்ளி பத்துப் பேருக்கு, 60 வெள்ளி பத்துப் பேருக்கு. ஒரு பணக்காரன் பத்தாயிரம் நம்பரையும் ஒரு வெள்ளி வீதம் வாங்கிவிட்டான் என்று வையுங்கள். எல்லாப் பரிசும் அவனுக்கே! கூட்டிப் பார்த்தால் வருவது 6,400 வெள்ளி. போட்டதோ 10,000. எல்லா நம்பரும் கையிலிருந்தும் 3,600 வெள்ளி நஷ்டம்! அப்புறம் கனவில் வந்த நம்பர், காடி மோதிய நம்பர், சாமியாடி சொன்ன நம்பர் என்று தேடி அலைந்து என்ன பயன்?

ஜேக்பாட் இதைவிடக் கொடிது. 58 எண்களில் ஆறு சரியாக விழ வேண்டுமென்றால் 4 கோடியே 4 லட்சத்து 75 ஆயிரத்து 358 வகை உண்டு. மலேசியாவின் ஜனத்தொகை ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம். நேற்றுப் பிறந்த குழந்தை வரை ஆளுக்கொரு சீட்டு வேறு வேறாகக் கொடுத்தாலும் லட்சக்கணக்கில் மிஞ்சும்! வாரம் மூன்று சீட்டு எடுப்பவனுக்குச் சராசரியாக 2 லட்சத்து 59 ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை விழும். அத்தனை ஆயுள் நமக்கு ஏது?

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே பல மாநிலங்கள் கூட்டுச் சேர்ந்து 1992 முதல் 'பவர்பால்' நடத்துகின்றன. 2015ல் எண்களை மாற்றினார்கள். 17 கோடியில் ஒன்றாக இருந்த வாய்ப்பு 29 கோடியில் ஒன்றாகச் சுருங்கியது. விழுவது அரிதானால்தானே தொகை பெருகும்? 2022 நவம்பரில் அது 204 கோடி டாலருக்கு ஏறியது. விழுந்தது ஒரே ஒரு சீட்டுக்கு. மற்றக் கோடிக்கணக்கான சீட்டுகள் குப்பைக்கு!

"ஒரு வெள்ளி ரெண்டு வெள்ளிதானே" என்பீர்கள். குலுக்கலுக்குப் பத்து வெள்ளி, வாரம் மூன்று குலுக்கல் என்றால் வருஷத்துக்கு 1,560 வெள்ளி. 2025ல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதாவது ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு! அவ்வப்போது அறுபதோ நூற்றெண்பதோ வந்தாலும் அதுவும் மறுவாரமே கடைக்குத்தான் போகிறது. லைசென்ஸ் இல்லாதவனிடம் கடனுக்கு நம்பர் எழுதுவது இன்னும் ஆபத்து. சம்பளம் வாங்குமுன்பே கடன்காரன் வாசலில் நிற்பான்.

சிறு துளி பெருவெள்ளம் என்பது நம் முன்னோர் சொல். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960ல், துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். மறு வருஷமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதற்குக் காசு போட்டவர்களும் நம்மைப் போன்ற பால்வெட்டுத் தொழிலாளிகள்தான். ஜேக்பாட்டிலும் பலர் காசுதான் சேருகிறது; அது ஒருவனுக்குப் போகிறது. கூட்டுறவில் பலர் காசு பலருக்கும் நிலமானது.

ஆகவே, தோட்டத்துச் சகோதர சகோதரிகளே! தீபாவளிக்கு ஒரு சீட்டு எடுப்பவரை யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. ஆனால் வாராவாரம் போகும் அந்த முப்பது வெள்ளியைக் கூட்டுறவுப் பங்கிலோ, பிள்ளை பேரில் எஸ்.எஸ்.பி.என் கல்விச் சேமிப்பிலோ போட்டுப் பாருங்கள். அங்கே போட்ட காசைக் குலுக்கலில் இழக்க வேண்டியதில்லை. போட்ட காசு உங்கள் பெயரிலேயே இருக்கும். வீட்டுக்கு முன்பணமாக வளர்வது அந்தக் காசுதான். இந்த மாதச் சம்பளத்திலேயே தொடங்குங்கள்!