மலையேறும் மாணவருக்குத் தலைவர் யார்?

நிபோங் திபால் வட்டாரத்திற்கு இயற்கை வஞ்சனை செய்யவில்லை. கிரியான் ஆற்றங்கரையில் மின்மினிகள். அருகிலேயே புக்கிட் பஞ்சோர் காடு. வடக்கே கெடாவில் 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலை. 2001ஆம் ஆண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும் துரோனோவிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது. காடும் கல்வியும் அண்டை வீடுகளாய் அமைந்த இவ்வூரில் ஒரு வினா எழுந்தே தீரும். மலைக்கும் காட்டிற்கும் செல்லும் மாணவர் கழகத்தை நடத்த வேண்டியவர் மாணவரா, அலுவலரா?

பிள்ளைகளுக்கு அனுபவம் போதாது, அதிகாரி முன்னே சென்றால்தான் பாதுகாப்பு என்பார் உளர். கேட்பதற்கு அன்புமொழிதான், விளைவோ வேறு. பேருந்து அமர்த்துபவர் அதிகாரி. வழியைத் தேர்பவர் அதிகாரி. வானம் கறுத்தால் திரும்பச் சொல்பவரும் அதிகாரி. பெயர் கொடுப்பதும் பின்னால் நடப்பதுமே மாணவர் வேலை. இது பயிற்சியன்று, சுற்றுலா.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1920 முதல் மாணவர்களே நடத்திவந்த வெளிப்பயணக் கழகத்திற்கு 2018இல் தடை வந்தது. தொலைபேசி எட்டாத இடங்களுக்குச் செல்வது ஆபத்தாம்! ஊழியர் நடத்தும் பயணங்கள் மட்டும் தொடர்ந்தன. ஊழியர் சென்றால் காட்டில் தொலைபேசி எட்டிவிடுமா? அஞ்சப்பட்டது காடன்று, மாணவர் கையில் இருந்த பொறுப்பு.

அயல்நாட்டுக் கதையென்று இதனை ஒதுக்க இயலாது. இந்நாட்டின் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் 1975இல் திருத்தப்பட்டபோது, மாணவர் அமைப்புகள் பணம் திரட்டுவதே தடுக்கப்பட்டது. பின்வந்த திருத்தங்கள் அந்தப் பிடியைத் தளர்த்தியுள்ளன. ஆனால், கையொப்பத்திற்குக் காத்து நிற்கும் பழக்கம் சட்டத்தோடு தளர்ந்துவிடுவதில்லை.

ஆபத்து உண்மையே. மேல்மலையில் பெய்த மழை, கீழே தெளிந்தோடும் ஓடையை நொடியில் வெள்ளமாக்கும். அதை அறிந்து கரையேறச் சொல்லும் கண் யாருக்கு வாய்க்கும்? முடிவெடுத்துப் பழகியவனுக்கே வாய்க்கும். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்றுத்தரட்டும். முதலுதவித் தேர்ச்சியின்றி எவரும் தலைமை ஏற்கக் கூடாதென்று அவர்களே விதி வகுக்கட்டும். விரிவுரையாளர் ஆலோசகராய் அருகில் இருக்கட்டும், ஓட்டுநராய் அன்று.

தோட்டத்திலிருந்து வரும் தமிழ் மாணவனுக்கு இது இன்னும் பெரிய செய்தி. அவன் பாட்டனைக் காலையில் எழுப்பியது தண்டல். பெயர் பதிந்தது கிராணி. வேலை காட்டியது கங்காணி. மூன்று தலைமுறை ஏவல் கேட்ட குடும்பத்துப் பிள்ளை, பல்கலைக்கழகத்திலும் ஏவலுக்கே காத்திருப்பதா? இருபது பேரின் உயிருக்குத் தான் பொறுப்பென்று ஒருநாள் மலையில் உணர்பவன், நாளைத் தொழிற்சாலையிலும் சங்கத்திலும் தலைகுனிந்து நில்லான்.

பட்டம் தேர்வுத்தாளால் வரும். தலைமை பொறுப்பால் மட்டுமே வரும். அப்பொறுப்பை மாணவரிடம் ஒப்படைக்க அஞ்சும் கல்வி நிலையம், தான் கற்பித்த கல்வியையே நம்பவில்லை என்பதுதான் பொருள்.