கோடி செலவில் ஒரு முகம்

"பிரம்மாண்டம்!" என்று சொல்லிக்கொண்டே படிப்பகத்துக்குள் நுழைந்தனர் நம் தோழர் இருவர். 2015-லும் 2017-லும் இரு பகுதிகளாக வெளிவந்த 'பாகுபலி'யை ஒன்றாய்த் தொகுத்து 2025 அக்டோபர் இறுதியில் மீண்டும் திரையிட்டனரல்லவா, அதைக் கண்டுவிட்டு வந்த களைப்பும் களிப்பும் அவர்தம் முகத்தில்! கதை எப்படி என்றோம், பிரம்மாண்டம் என்றனர். கருத்து என்ன என்றோம். அதற்கும் பிரம்மாண்டம் என்றனர். சுவை கேட்டால் எடை சொல்கிறார்களே என்று சிரித்தோம். சிரித்துவிட்டு விட்டுவிட முடியவில்லை.

ஏனெனில், இந்த வீரசாகசப் படங்களை நாமும் கண்டவர்களே, கண்டு கைதட்டியவர்களே. "ராஜா ராணிக் கதை, பாமரர் கேளிக்கை" என்று உதட்டைப் பிதுக்கி ஒதுங்கி நிற்கும் மேதாவிகளின் கூட்டத்தில் நாம் சேரவில்லை. உழைத்துக் களைத்தவன் மூன்று மணி நேரம் குதிரையேறிப் பறக்கட்டும், கோட்டை தாண்டட்டும். அதைத் தடுக்க நாம் யார்? ஆனால் கோடி கொட்டிக் கட்டிய கோட்டைக்குள் யாரைக் குடிவைக்கின்றனர் என்று கேட்கும் உரிமை, டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவனுக்கும் உண்டு.

முதலில் சிறப்பைச் சொல்வோம். தமிழ்த்திரையில் பெரும்பணச் சாகசப் படத்துக்கு மூலவித்து 1948 ஏப்ரலில் வந்த 'சந்திரலேகா'. எஸ்.எஸ்.வாசன் 30 இலட்ச ரூபாய் செலவிட்டார் என்று அந்நாளில் வாய்பிளந்தனர் மக்கள். முரசு நடனத்தை மறந்தவர் உண்டோ? வரிசை வரிசையாய் மாபெரும் முரசுகள்; அவற்றின் மேல் ஆடும் அணங்குகள்; ஆட்டம் முடிந்த நொடியில் முரசுகளின் வயிற்றிலிருந்து வாளேந்திக் குதிக்கும் வீரர்கள்! இதிலே நாம் பாராட்டுவது முரசுகளின் பருமனை மட்டுமன்று. கொடியவன் சசாங்கன் மணக்கத் துடிக்கிறான். சந்திரலேகா இசைவதுபோல் நடிக்கிறாள். மணத்துக்கு முன் முரசு நடனம் வேண்டும் என்கிறாள். அவன் கோட்டைக்குள்ளேயே படையைக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறாள். சிற்றூரில் பிறந்த நடனக்காரி ஒருத்தியின் மதியூகம் அரண்மனையை வீழ்த்துகிறது. கதைக்குப் பயன்படாத ஒரு முரசு அங்கே இல்லை. செலவழித்த காசு கதைக்குள் சென்று வேலை செய்கிறது. இதனை அளவுகோலாகக் கொண்டு பாருங்கள், இன்று கணிப்பொறியால் வரைந்து குவிக்கும் மலைகளிலும் மாளிகைகளிலும் எத்தனை வெறும் சோடனை என்பது விளங்கும்.

ஆனால் அந்த மதியூகத்தின் பலன் யாருக்கு? மூத்த இளவரசன் வீரசிம்மனுக்கு! இளையவன் கொடியவன், மூத்தவன் நல்லவன். ஆகவே அரியணை மூத்தவனுக்கு. நாட்டு மக்களைக் கேட்டார்களா? கேட்கும் எண்ணமே கதையில் எவருக்கும் எழவில்லை. திட்டம் தீட்டியவள் பெண், உயிரைப் பணயம் வைத்தவர்கள் முரசுக்குள் ஒளிந்திருந்த பெயரில்லாதவர்கள், முடி சூடியவன் மன்னன் மகன்.

பத்தாண்டு கழித்து, 1958 ஆகஸ்டில், 'நாடோடி மன்னன்' வந்தது. எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து, தாமே இயக்கி, இரு வேடமேற்ற படம். ஊர் பேர் தெரியாத நாடோடி, மக்களுக்காகப் போராடுபவன், அரியணையில் அமர்கிறான். ஏழைக்கு ஏற்றம் தரும் ஆணைகளை அடுக்குகிறான். கொட்டகை அதிர்ந்தது! அதிர்ந்ததில் நியாயமும் இருந்தது. மந்திரவாதியும் மாயக் குதிரையும் ஆண்டுகொண்டிருந்த ராஜாக் கதைக்குள் உழவனின் குறையும் ஏழையின் பசியும் நுழைந்தது சிறிய செயலன்று. பெரும்பணமும் பெருங்கருத்தும் ஒரே படத்தில் வாழ முடியும் என்பதற்கு அது சான்று. ஆயினும் ஒன்று உறுத்துகிறது. நாடோடிக்கு அரியணை எப்படிக் கிடைத்தது? அவன் கொள்கைக்காகவா, தொண்டுக்காகவா? இல்லை, அவன் முகம் இளவரசன் முகத்தை அச்சில் வார்த்தாற்போல் இருந்தது! நல்லாட்சி நாட்டுக்குள் நுழையவும் மன்னன் முகம் ஒன்றை இரவல் வாங்க வேண்டியிருந்தது. மேல்நாட்டிலிருந்து வந்த இரட்டையர் கதையின் சாயல் அது; கதைக்கு அது தேவை என்பர். ஒப்புகிறோம். ஆனால் அந்த முகம் அத்துடன் போய்விடவில்லையே!

இனிப் 'பாகுபலி'க்கு வருவோம். முதற்பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ 180 கோடி ரூபாய் என்று செய்தித்தாள்கள் எழுதின. அருவியை மலையென நிமிர்த்தி அதில் ஒருவனை ஏறவைத்த கற்பனையைக் குறைசொல்ல மனம் வரவில்லை. சாபு சிரிலின் கலைத்திறன், இரவுபகலாய்ச் சுத்தியலும் உளியும் பிடித்த நூற்றுக்கணக்கான கைகள், எல்லாம் சேர்ந்து இல்லாத ஒரு நகரை இருப்பதாக நம்பவைத்தன. கதையிலும் ஓர் உயர்ந்த இடம் உண்டு. காலகேயர் சிறைப்பிடித்த குடிமக்களைக் கேடயமாய் முன்னே நிறுத்துகின்றனர். ஒருவன் அவர்களையும் அறுத்துக்கொண்டு தேரைச் செலுத்துகிறான், பகைத்தலைவனையும் வீழ்த்துகிறான். மற்றொருவன் குடிமக்களைக் காத்துவிட்டே பகைவர்மேல் பாய்கிறான். முடி யாருக்கு? காத்தவனுக்கு! சரியான தீர்ப்பு. அந்த ஒரு கட்டத்தில் வீரத்துக்கு அளவு, கொன்ற கணக்காக இல்லாமல் காத்த கணக்காகிறது. கைதட்டினோம்.

கைதட்டிய கையை இறக்குமுன் அந்தப் பகைவரைப் பார்த்தோம். கரிபூசிய உடல், காண்போர் அஞ்சும் பல், எவருக்கும் புரியாத மொழி. அந்த மொழியைப் படத்துக்கென்றே படைத்துத் தந்தவர் மதன் கார்க்கி. கற்பனைத் திறத்தில் குறையில்லை. கருத்திலேதான் குறை. கறுத்தவன் காட்டுமிராண்டி, சிவந்தவன் செங்கோலுக்குரியவன் என்ற பழம்புராணச் சரக்கு, அசுரர் என்று சொன்னால் கேள்வி எழும் என்பதால் வேறு பெயரில் வந்துவிட்டதோ! கறுப்பு நிறத்தவர் நிறைந்த கொட்டகையில் அதற்கும் சீழ்க்கை பறந்ததே, அதுதான் நம் நெஞ்சைச் சுட்டது.

கட்டப்பாவைப் பாருங்கள். வாட்போரில் நிகரற்றவன், நேர்மையாளன், அறிவுள்ளவன், ஆயினும் அடிமை. வேற்று நாட்டு வாள் வணிகன் "என்னுடன் வா, விடுதலை பெறு" என்னும் பொருள்பட அழைக்கிறான். தன் முன்னோர் அரியணைக்குக் கொடுத்த வாக்கைச் சொல்லி மறுக்கிறான் கட்டப்பா. எப்போதோ செத்தவன் கொடுத்த வாக்குக்கு இன்று பிறந்தவன் கழுத்தை நீட்ட வேண்டுமாம்! பிறப்பால் தொழில், பிறப்பால் இழிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டுமா? அந்த வாக்குக்குக் கட்டுப்பட்டே, தான் போற்றிய நல்லவன் முதுகில் வாளைப் பாய்ச்சுகிறான். படம் அவனுக்காகக் கண்ணீர் வடிக்கிறது. ஆனால் வாக்கைக் கிழித்தெறி என்று ஒருவர் வாயும் திறக்கவில்லை. "கொன்றது ஏன்?" என்று இரண்டாண்டு நாடே கேட்டது, "அடிமையாய் இருப்பது ஏன்?" என்று கேட்டவர் எத்தனை பேர்?

சிலை நிறுத்தும் காட்சிக்கு வருவோம்; தோழர்கள் இருவரும் அதைத்தான் மாறிமாறிப் புகழ்ந்தனர். கொடுங்கோலனின் பொற்சிலை, அதைக் கயிறு கட்டி இழுக்கும் அடிமைகள், சாட்டை, சிலை சாய்கிறது, முகமூடிய இளைஞன் ஒருவன் ஓடிவந்து கயிற்றைப் பற்றுகிறான். முகத்திரை விலகுகிறது. மாண்ட மன்னனின் முகம்! உடனே கூட்டம் அந்தப் பெயரை முழங்குகிறது, எங்கிருந்தோ வலிமை வருகிறது. எடுத்த விதம் நேர்த்தி என்பதில் ஐயமில்லை. ஆனால் தோழர்களே, அத்தனை தோள்களும் ஒன்றுகூடி இழுத்தபோது வராத வலிமை, ஒரு முகத்தைக் கண்டதும் வந்தது என்றால், அத்தனை தோள்களுக்கும் என்ன மதிப்பு? 1958-ல் இரவல் வாங்கிய அதே முகம், 2015-ல் வட்டியோடு திரும்பி வந்துவிட்டது. இம்முறை ஏழைக்கான ஆணைகள் இல்லை. முகம் மட்டுமே இருக்கிறது.

2010 பொங்கலில் வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' சற்று வேறு. மறைந்த சோழர் குடியைத் தேடிச் செல்லும் பயணம். தூதன் வருவான், துயர் தீர்ப்பான் என்று பசியோடு காத்துக் கிடக்கும் மக்களை அது காட்டியது. குறிசொல்லை நம்பிய கூட்டம் பீரங்கிக்கு முன் என்னவாகும் என்பதையும் மறைக்காமல் காட்டியது. துணிச்சல்தான். அங்கும் மூட்டை சுமந்து உடன் வந்த கூலியாட்கள் மாண்ட வேகத்தை எண்ணிப் பாருங்கள். அவர்களின் தலைவனாய் வந்தவன் இறுதியில் அரசகுலக் குழந்தையைச் சுமந்துகொண்டு ஓடுகிறான்.

"படந்தானே, இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?" என்றார் தோழர்களில் இளையவர். அவருக்கு நாம் திருப்பிக் கேட்டது இதுதான்: கல்லுக்குப் பால் ஏன் என்று ஊரெல்லாம் கேட்ட நம் பிள்ளைகள், கட்-அவுட் மேல் ஏறிப் பால் ஊற்றுகிறார்களே, அந்தப் பழக்கம் எங்கே கற்றது? முகத்தைக் கண்டால் முழங்கு என்று திரையில் கூட்டத்துக்குச் சொல்லித்தந்த பாடம், திரைக்கு இப்பால் உள்ள கூட்டத்தையும் பற்றாதோ? அவர் விடை சொல்லவில்லை. போன வாரம் பால்குடம் தூக்கியவர்களில் அவரும் ஒருவர் என்று பின்னர் அறிந்தோம்.

சாகசம் என்கிறோம், மெய்யான சாகசம் செய்பவன் யார்? நாயகனுக்குப் பதிலாய்க் கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதிப்பவன், உச்சியில் விளக்கைக் கட்டுபவன். 2020 பிப்ரவரியில் சென்னையை அடுத்த படப்பிடிப்புத் தளமொன்றில் பாரந்தூக்கி சரிந்து மூவர் மாண்டனர். 2025 ஜூலையில் நாகை மாவட்டத்தில், கார் பாய்ந்து கவிழும் காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். கோடிக்கணக்கில் செலவு என்று சுவரொட்டியில் பெருமை பேசுவோர், அந்தக் கோடியில் எத்தனை காசு பாதுகாப்புக்கு ஒதுக்கினோம் என்பதையும் பெரிய எழுத்தில் அச்சிடட்டுமே! வசூலை நாள்தோறும் எண்ணும் நம் இளைஞர்கள் இந்தக் கணக்கையும் கேட்கலாம். கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தோழர்கள் அடுத்த ஞாயிறும் அதே படத்துக்குப் போகிறார்களாம். நம்மையும் அழைத்தனர், போவதாகத்தான் இருக்கிறோம். இறுதிக் காட்சி நினைவிருக்கிறது: கொடுங்கோலன் எரிகிறான்; பொற்சிலையின் தலை அருவியில் உருண்டு வீழ்கிறது; புதிய மன்னன் முடி சூடுகிறான். அந்தச் சிலையைக் கயிறு கட்டி இழுத்தவர்கள் அன்று எங்கே நின்றிருந்தார்கள் என்பது சென்ற முறை நம் கண்ணில் படவில்லை.