மாதாமாதம் முடக்கும் வலி

‘‘என் மகளுக்கு 19 வயது. ஸ்பின்னிங் மில்லில் வேலை. மாதவிலக்கு வந்தால் இரண்டு நாள் எழவே முடிவதில்லை, வாந்தியும் வருகிறது. மில்லில் தரும் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் ஷிப்ட் பார்க்கிறாள். ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்கிறார்கள். உண்மையா?’’
- வாசகி, பல்லடம்.

உண்மையில்லை. முதல் நாள் அடிவயிறு இழுத்துப் பிடிப்பது பலருக்கும் உள்ளதுதான். ஆளையே படுக்கவைக்கும் வலி அந்தக் கணக்கில் சேராது. அதற்கான காரணங்களில் ஒன்று, எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவரில் உள்ளதைப் போன்ற திசு, சினைப்பை, சினைக்குழாய், குடலின் வெளிப்புறம் என்று வேறு இடங்களில் வளர்வதுதான் இந்த நோய். மாதவிலக்கின்போது அங்கேயும் ரத்தம் கசியும், வெளியேற வழியிருக்காது. சுற்றிலும் வீங்கி, நாளடைவில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கினால், அதுதான் ‘சாக்லேட் கட்டி’. மலம், சிறுநீர் கழிக்கும்போதும் தாம்பத்திய உறவின்போதும் சிலருக்கு வலிக்கும். சிலருக்குக் குழந்தைப்பேறு தள்ளிப்போகும். ஆக, கல்யாணம் இதற்கு மருந்தல்ல. பல வீடுகளில் கல்யாணத்துக்குப் பிறகுதான் நோயே தெரியவருகிறது, பழியும் பெண் மீதே விழுகிறது.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்டுபிடிக்கவே பல ஆண்டுகள் ஆகிவிடுவதுதான் கொடுமை.

அடுத்து, அந்த மாத்திரை. 2019-ம் ஆண்டு தாம்ஸன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன், தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் பேசியது. மாதவிலக்கு வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகள் தரப்பட்டதாக அத்தனை பேரும் சொன்னார்கள். பருத்திக்கு அடிக்கிற மருந்தையே பெயரும் தேதியும் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். மகள் விழுங்குவதற்குப் பெயர் வேண்டாமா? வெறும் வயிற்றில் வலி மாத்திரையை அடிக்கடி போட்டால் வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் கெடலாம். வலி அடங்கிவிடுவதால் நோயும் மறைந்தே வளரும்.

இரண்டு, மூன்று மாதங்களுக்கு வலி வந்த நாள், எங்கே வலித்தது, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று காலண்டரிலேயே குறித்துவைத்து, மகளிர் நோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் கட்டி இருந்தால் தெரியும். சிறிய திட்டுகள் தெரியாமல் போகலாம். ‘ஸ்கேன் நார்மல்’ என்பதால் வலி பொய்யாகிவிடாது. தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி செய்வார்கள். பெரும்பாலும் ஹார்மோன் மாத்திரையில்தான் தொடங்குவார்கள். ‘கல்யாணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா?’ என்று பதற வேண்டாம். இங்கே அது நோயை அடக்கும் மருந்து; பின்னாளில் கருத்தரிப்பதை அது கெடுக்காது. நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை என்பதால், இடையில் தானாக நிறுத்தக் கூடாது.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். மகளின் சம்பளத்தில் இ.எஸ்.ஐ பிடித்தம் இருந்தால், சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ மருத்துவமனைக்கும் போகலாம். அங்கே மருத்துவர் விடுப்புச் சான்று தந்தால், சந்தா நாள்கள் சரியாக இருக்கும் பட்சத்தில், பொதுவாக முதல் இரண்டு நாள்கள் நீங்கலாக, மீதி விடுப்பு நாள்களுக்குச் சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் நிற்க வேண்டியதில்லை.