மூன்றாம் முறை ஊற்றிய பின்



ஒரே செடியின் இலைதான் பச்சைத் தேயிலையும் ஆகிறது; நாம் நாள்தோறும் பருகும் கருந்தேயிலையும் ஆகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வகையொன்று சீன நாட்டில் உண்டு. அதன் பெயர் ஊலாங். ஃபூஜியன் மாநிலத்தின் வூயி மலையும் ஆன்ஷி வட்டாரமும் அதற்குப் பெயர்பெற்றவை. பறித்த இலையை வாடவிட்டுக் குலுக்குவர். விளிம்புகள் கசங்கி, காற்றுப்பட்டுச் சிவக்கும். தக்க தருணத்தில் சூடேற்றி அம்மாற்றத்தை நிறுத்திவிடுவர்.

இதன் தரத்தை மதிப்பிடச் சீனர் வகுத்துள்ள முறை நம் சிந்தனைக்குரியது. 110 மில்லிலிட்டர் கொள்ளும் மூடியிட்ட பீங்கான் கிண்ணத்தில் 5 கிராம் இலையை இட்டு, கொதிநீர் ஊற்றி, 2 நிமிடம் கழித்து வடிப்பர். அதே இலையில் மீண்டும் நீர் ஊற்றி 3 நிமிடம்; மூன்றாம் முறை 5 நிமிடம். ஒவ்வொரு முறையும் மூடியை முகர்ந்து, பின்னர் சாற்றைச் சுவைப்பர். முதல் முறை, வேண்டாத வாடை உண்டோ என்று பார்ப்பர். இரண்டாம் முறை, மணம் எத்தகையது என்று அறிவர். மூன்றாம் முறை, அம்மணம் நிலைத்து நிற்கிறதா என்று சோதிப்பர். வீட்டில் பருகுவோர் சிறு குடுவையில் சில விநாடிகளே ஊறவிட்டு இனிமையை மட்டும் வடித்துக்கொள்ளலாம். சோதிப்பவரோ நெடுநேரம் ஊறவிடுகிறார். அப்போது கசப்பும் காரலும் ஒளிந்துகொள்ள இடமில்லை.

மதிப்பெண்கள் 100. சுவைக்கு 35, மணத்திற்கு 30, உலர்ந்த இலையின் தோற்றத்திற்கு 20, ஊறிய இலைக்கு 10. சாற்றின் நிறத்திற்கோ 5 மட்டுமே!

நாம் இக்கணக்கைத் தலைகீழாக்கி விடுகிறோம் அன்றோ? பெண் பார்க்கச் சென்ற வீட்டில் நிறத்திற்கு 35 மதிப்பெண் இடுகிறோம். குணத்திற்கு 5 கூட மிஞ்சுவதில்லை. அப்பெண் நீட்டிய தேநீரைப் பருகி முடிப்பதற்குள் தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். வெறும் இலைக்கே மூன்று முறை வாய்ப்பளிக்கிறார்கள். ஒரு மகளுக்கு நாம் ஒரு முறையேனும் நேர்மையாக அளித்தோமா?

இறுதியாக, ஊறிய இலையை நீரில் விரித்துப் பார்ப்பர். மரபு வழுவாமல் பதப்படுத்திய இலையெனில் நடுவே பசுமையும் ஓரத்தில் செம்மையும் தெரியும். கசங்கிய அந்த ஓரத்திலிருந்துதான் மணம் பிறக்கத் தொடங்கியது. துன்பத்தில் கசங்கிய மனிதரிடமும் அத்தகைய மணம் உண்டு. அதை அறியப் பொறுமை வேண்டும். மூன்றாம் முறை ஊற்றும் வரையேனும் காத்திருப்போம்.