ரேடியோ ரூமில் பெஞ்சு போடலாமா?

எங்கள் ஊர் மந்தைக்குத் தெற்கே ஒரு பழைய ரேடியோ ரூம் இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: வீட்டுக்கு வீடு ரேடியோ வராத காலத்தில் பஞ்சாயத்து ஒரு ரேடியோவை அறைக்குள் பூட்டி வைத்து, வெளியே கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, பொழுது சாய்ந்தால் ஊருக்கே கேட்க வைக்கும். சரோஜ் நாராயணஸ்வாமியின் குரலை எங்கள் ஊர் முதலில் கேட்டது அந்தக் கம்பத்தடியில்தான்.

பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் அந்த அறைக்கு வெள்ளையடித்து, நாலு பேப்பர் போட்டு, படிப்பகம் ஆக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. தகராறு அடுத்த விஷயத்தில். இளைஞர்கள் சிலர், வாரம் ஒருநாள் அங்கே உட்கார்ந்து விவசாயம், தண்ணீர், விலை பற்றிக் கலந்து பேச வேண்டும், அதற்கு நாலு பெஞ்சு வேண்டும் என்கிறார்கள். என் வயதுக்காரர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. "பேப்பர் படிக்க இடம் கொடுங்கப்பா, பேச இடம் கொடுக்காதீங்க. ரெண்டு பேர் பேசினாப் பேச்சு, நாலு பேர் பேசினாப் பஞ்சாயத்து" என்றார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர்.

அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. நம் பக்கம் டீக்கடையிலும் சலூனிலும் 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' என்று எழுதிப் போட்டிருப்பதைப் பார்க்காதவர் உண்டா? பேப்பரை மட்டும் தாராளமாகப் பெஞ்சில் போட்டிருப்பார்கள். படிக்கலாம், வாய் திறக்கக் கூடாது. கிளாஸ் உடைந்த கடைக்காரருக்குத்தான் அந்த போர்டின் அருமை தெரியும்.

ஆனாலும் நான் பெஞ்சு பக்கம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

கேட்பது மட்டும் போதுமா, கேட்டதை உட்கார்ந்து பேசவும் வேண்டுமா என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. 1956-ல் ஆகாசவாணியின் புனே நிலையமும் யுனெஸ்கோவும் சேர்ந்து, அன்றைய பம்பாய் மாநிலத்தின் மராத்தி பேசும் 5 மாவட்டங்களில் 150 கிராமங்களைப் பிடித்தார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் சுமார் 20 பேர் கொண்ட வானொலி மன்றம். அதற்கு ஒரு தலைவர், கூட்டத்தைக் கூட்டிக் குறிப்பெழுத ஒரு செயலாளர். வாரம் இரண்டு நிகழ்ச்சி வீதம் 10 வாரத்தில் 20 நிகழ்ச்சிகள். அரை மணி நேரம் கேட்க வேண்டும், பிறகு பேச வேண்டும், சந்தேகத்தை எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பதில் வானொலியிலேயே வரும். இந்த யோசனைக்கு மூலம் கனடா. அங்கே 1941-லேயே விவசாயிகளுக்காக இப்படி ஆரம்பித்திருந்தார்கள். 'கேள், பேசு, செய்' என்பதுதான் இங்கே கோஷம்.

முடிவை ஆராய்ந்து எழுதியவர் பால் நியூராத் என்ற சமூகவியலாளர். மன்றம் இருந்த ஊர்களோடு, ரேடியோ மட்டும் இருந்த ஊர்களையும், இரண்டும் இல்லாத ஊர்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். மன்றம் இருந்த ஊர்க்காரர்களுக்கு விஷய ஞானம் நன்றாகவே கூடியிருந்தது. ரேடியோ மட்டும் இருந்த ஊர்களில் கூடியது சொற்பம். எனக்கு ஆச்சரியம் தந்தது அதுதான். ஒரே ரேடியோ, காதுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கேட்ட பிறகு உட்கார்ந்து பேசினார்களா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

எங்கள் ஊர் ரேடியோ ரூமில் அப்படி முறையான மன்றம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சி முடிந்ததும் மந்தைக் கல்லில் பேச்சு நடக்கும். நான் டவுசர் போட்ட பையனாக ஓரத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். 1960-களின் பிற்பாதி அது. ஐ.ஆர்.8 வந்த நேரம். தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவு தூரம் திருச்சி நிலையம் அதைப் பரப்பியது. எங்கள் பெரிசுகள் கேட்டது ஒரே கேள்வி. "நம்ம வாய்க்காலுக்கு இது ஆகுமாய்யா?"

ஆகுமா என்பதை ரேடியோ சொல்ல முடியாது. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல் விளைவது 14,707 ஏக்கர். பெரியாற்றுத் தண்ணீரை ஜூனில் திறந்தால் நாற்று, நடவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை ஓடும். ஒரே மடையில் தண்ணீர் வாங்கும் பத்துப் பேரில் ஒருவர் மட்டும் வேறு வயசுள்ள ரகத்தை நட்டால் என்ன ஆகும்? பக்கத்து வயலில் அறுப்புக்குக் காயப்போடும்போது இவருக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். முதல் போகம் பிந்தினால் இரண்டாம் போகமும் பிந்தும். எந்த ரகம் என்று வீட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது, மடைக்காரர்கள் அத்தனை பேரும் பேசியாக வேண்டும். சோறு ருசி இல்லை என்று ஐ.ஆர்.8-ஐத் திட்டியவர்களும் அதே கல்லில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் வரும். மறுநாள் சேர்ந்தே நடவுக்குப் போவார்கள்.

அந்தக் கல் இப்போது இல்லை, ரோடு போடும்போது போய்விட்டது. ஆனால் சேதி மட்டும் பெருகிவிட்டது. ஆளுக்கொரு ரேடியோ என்ன, ஆளுக்கொரு டி.வி. சட்டைப் பையிலேயே இருக்கிறது.

போன வருடம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவர், செல்போனில் வீடியோ பார்த்து மருந்து அடித்தார். வீடியோவில் பேசியவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது நாசிக் பக்கத்து விதையில்லாத் திராட்சைக்கு. அங்கே கவாத்து பண்ணுகிற கணக்கு வேறு, வெயில் வேறு. நம்ம பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் அறுப்பு நடந்துகொண்டே இருக்கும். அதற்காகத்தானே 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள்? தம்பிக்குக் கொத்தெல்லாம் கருகி அந்தக் காய்ப்பு போச்சு. "யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா" என்றேன். "யாருகிட்ட சார் கேக்குறது? எல்லாரும் அவங்கவங்க போனைத்தான் பாக்குறாங்க" என்றார். ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே போய்க் கேட்க வேண்டும் என்ற எண்ணம் வரவே பக்கத்தில் ஒருவர் "இரு, இதை விசாரிப்போம்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

"பேசத்தான் கிராம சபை இருக்கிறதே?" என்பார்கள். நான் ஒன்றிய அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன், கிராம சபையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தீர்மானம் போட்டு அரசாங்கத்தைக் கேட்க அதைவிட்டால் வேறு இடம் இல்லை. ஆனால் அது இதற்கு ஆகாது. மக்கள்தொகை 3,000-க்கு மேல் 10,000 வரை உள்ள ஊராட்சி என்றால் 200 பேர் இருந்தால்தான் கோரம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வருடத்தில் விரல்விட்டு எண்ணும் நாட்கள்தான். ஷாமியானாவுக்கு அடியில் மைக் பிடித்து, "என் கொடியில் அடிச்சாம்பல் வந்திருக்கு, என்ன பண்றது" என்று யார் கேட்பார்கள்? வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதற்குள் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள்.

புனேக்காரர்கள் 20 பேர் என்று வைத்ததன் அருமை எனக்கு இதில்தான் புரிந்தது. இருபது பேரில் ஒருவர் வராவிட்டால் தெரியும். பேசாமல் உட்கார்ந்திருப்பவரை "நீங்க என்ன சொல்றீங்க மாமா" என்று கேட்க முடியும். கை ஓங்குகிறவரின் தோளைப் பிடித்து உட்கார வைக்கவும் முடியும்.

இன்னொன்று. நம் வீட்டுப் பெண்கள் இதை எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள். 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்த மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று எந்தத் தெருவில் இல்லை? அதிலும் 12 முதல் 20 பேர்தான். குறித்த நாளில் கூட்டம், ஒரு ஊக்குநர், ஒரு நோட்டு. சேமிப்பு, கடன் என்று கூடினாலும் ரேஷன் அரிசி முதல் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் வரை அங்கே அலசிவிடுகிறார்கள். சண்டை வராமலா இருக்கிறது? வரும். அடுத்த வாரமும் கூட்டம் நடக்கும். ஆண்களுக்குப் பேச இடம் கொடுத்தால் ஊர் ரெண்டாகிவிடும் என்று சொல்லும் நாம், வீட்டுக்குள் நடக்கும் இந்தக் கூட்டத்தைக் கவனித்தோமா?

அதற்காக பெஞ்சு போட்டால் போதும், பேச்சு தானாக வளரும் என்று நான் நம்பவில்லை. 1959-ல் வானொலி மன்றத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள், சில வருடத்தில் ஆயிரக்கணக்கில் பெருகியது, பிறகு இருந்த இடம் தெரியாமல் போனது. என் கணிப்பு இது: எண்ணிக்கை காட்ட ஆரம்பித்ததும், எழுதிய கேள்விக்குப் பதில் வருவது நின்றிருக்கும். பதில் வராத இடத்தில் நாலு வாரம் பேசுவான் மனுஷன், ஐந்தாவது வாரம் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வருவான்.

ஆகவே பெஞ்சுக்கு முன்னால் எனக்கு வேண்டியது ஆள். சாவியை வைத்துக்கொண்டு வாராவாரம் திறக்க ஒருவர், என்ன பேசினோம் என்று நோட்டில் எழுத ஒருவர். எழுதியதை ஆனைமலையன்பட்டிக்கோ பெரியகுளத்துக்கோ கொண்டுபோய்க் கேட்டு வந்து அடுத்த வாரம் சொல்ல பைக் வைத்திருக்கும் ஒரு இளைஞர். கட்சி, சாதி, கோயில் வரி மூன்றும் வாசலுக்கு வெளியே. இதை போர்டில் எழுத வேண்டாம், திறக்கிறவர் சொன்னால் போதும். ராத்திரி வைத்தால் பெண்கள் வர மாட்டார்கள், பந்தலில் பாதி வேலை பார்ப்பது அவர்கள்தான். அதனால் ஞாயிறு சாயங்காலம் நாலு மணி.

நோட்டு எழுதுவதை நான் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். பழைய பழக்கம், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சாவிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. பெஞ்சு வேண்டாம் என்ற அந்தப் பெரியவரையே கேட்கலாம் என்றிருக்கிறேன். அவர் வீடு ரேடியோ ரூமுக்கு எதிர்வீடு, விடிகாலையிலேயே எழுந்துவிடுவார், அவர் முறைத்துப் பார்த்தால் குரல் உயர்த்த எங்கள் தெருவில் ஆள் கிடையாது.