கருப்பநீர் காய்ச்சுதலிற் காலமும் விறகும்

பாளை சீவும் பருவத்திலே யாழ்ப்பாணக் குடாநாட்டின் வளவுகள் பலவற்றில், காலையில் இறக்கிய கருப்பநீர் வெயிலேறிய பின்னரும் அடுப்பிலேயே இருத்தலைக் காணலாம். பானையின் முன்னே, புகையினாற் கண்கலங்க, வீட்டுப் பெண் ஒருத்தி அமர்ந்திருப்பாள். அரைநாட் பாட்டின் பின் கிடைப்பது சில குட்டான் பனங்கட்டியே. இதனாற் காய்ச்சுந் தொழிலையே கைவிட்ட குடும்பங்களும் உள. குறை கருப்பநீரில் இல்லை. பானையிலும் அடுப்பிலுமே உளது என்பதைக் கமக்காரர் உணர்தல் வேண்டும்.

கருப்பநீரில் ஏறக்குறைய நூற்றுக்கு 12 பங்கு சீனி உண்டு. ஆகவே 20 லீற்றர் கருப்பநீரைப் பனங்கட்டியாக்குவதற்கு ஏறத்தாழ 18 கிலோகிராம் நீரை ஆவியாகப் போக்குதல் வேண்டும். 1 கிலோகிராம் நீரை 30 பாகை செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அந்நீரை ஆவியாக்கவோ 540 கிலோகலோரி வேண்டும். எனவே பொழுதும் விறகும் பெரும்பாலுஞ் செலவாவது கொதி வந்த பின்னரேயாம்.

நெருப்புப் படும் அடிப்பரப்பும், ஆவி வெளியேறும் மேற்பரப்பும் அகன்றிருந்தால் அக்காலம் குறையும். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பானையின் வாய் ஏறக்குறைய 700 சதுர சென்ரிமீற்றர் பரப்புடையது. 60 சென்ரிமீற்றர் நீளமும் 45 சென்ரிமீற்றர் அகலமுமுள்ள தட்டைத் தாச்சியின் பரப்போ 2,700. அஃதாவது ஏறக்குறைய நான்கு மடங்கு. பானையில் முழங்கை ஆழம் நிற்கும் 20 லீற்றர் கருப்பநீர், இத்தாச்சியில் ஏழு அல்லது எட்டுச் சென்ரிமீற்றர் ஆழமே நிற்கும்.

இவ்வுண்மையைப் பிறநாட்டாரும் அனுபவத்தாற் கண்டனர். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கிலும் மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிப் பாணி எடுப்பர். அச்சாற்றிற் சீனி நூற்றுக்கு 2 பங்களவே. 1 லீற்றர் பாணிக்கு ஏறக்குறைய 40 லீற்றர் சாறு வேண்டும். முன்னர் தொங்கவிட்ட இரும்புக் கொப்பரைகளிற் காய்ச்சிய அவர்கள், 19ஆம் நூற்றாண்டிலே தட்டைத் தாச்சிகளுக்கு மாறினர். இன்று வீட்டு வளவிற் சில மரங்களை மட்டும் வைத்திருப்போரும் தட்டைத் தாச்சியையே நாடுகின்றனர். அவர்களினும் ஆறு மடங்கு இனிய சாற்றை உடைய நாம் ஒடுங்கிய பானையோடு மல்லாடுதல் தகுமா?

மெல்லக் காய்ச்சினாற்றான் சுவை சிறக்கும் என்பார் சிலர். ஆனால் புளிப்பேறத் தொடங்கிய கருப்பநீர் நெடுநேரம் சூட்டில் நிற்பின், அதன் சீனியில் ஒரு பகுதி உருமாறி இறுகுந் தன்மையை இழக்கும். கட்டி இளகும், நிறமுங் கறுக்கும். சுவைக்குக் காரணம் அளவான பதமேயன்றி வீணான தாமதமன்று.

தாச்சியோடு பின்வருவனவற்றையுங் கைக்கொள்ளல் நன்று.

1. முட்டியிற் சுண்ணாம்பை அளவாகத் தடவுக. இறக்கிய கருப்பநீரைத் தெளியவிட்டு, துணியில் வடித்து, தாமதியாது அடுப்பேற்றுக. மிகுந்த சுண்ணாம்பு தாச்சியின் அடியிற் படிந்து சூட்டைத் தடுக்கும்.

2. அடுப்பின் மூன்று புறமும் மண்ணால் அடைத்து, பின்புறத்திற் புகைபோக்கி வைக்குக. நெருப்பு தாச்சியின் அடி முழுவதும் பரவுதல் வேண்டும். திறந்த அடுப்பிலே சூட்டின் பெரும்பகுதி காற்றோடு போகும்.

3. ஊமல், காவோலை, மட்டை ஆகியவற்றை நன்றாக உலர்த்தி எரிக்குக. ஈரவிறகு தன் ஈரத்தை ஆவியாக்குவதிலேயே சூட்டைச் செலவிடும்.

4. காய்ச்சும்போது மூடியிடற்க. குளிர்ந்த கருப்பநீரை ஒருங்கே ஊற்றிக் கொதியை அடக்கற்க. பக்கத்திற் சூடாக்கிச் சிறிது சிறிதாகச் சேர்க்குக. நுரை பொங்கினாற் சில துளி தேங்காயெண்ணெய் போதும்.

5. பாகு தடித்ததும் சிறிய தாச்சிக்கு மாற்றி, நெருப்பைத் தணித்து, இடைவிடாது கிண்டுக. அகன்ற தாச்சியிற் கடைசிவரை விட்டாற் கருகிவிடும்.

துருவேறா உருக்குத் தாச்சியே நன்று. ஈயப்பற்று வைத்த பழைய தகரப் பாத்திரங்கள் உணவுக்கு ஆகா.

தாச்சிக்குப் பணம் எங்கே என்பது நியாயமான கேள்வி. ஒரு வீட்டுக்கு அது பாரமாகலாம். அயல்வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தினாற் பாரமன்று. ஒரு தாச்சி பல பருவங்களுக்கு உழைக்கும். வயலுக்கு மண்வெட்டியும் தோட்டத்துக்கு நீரிறைக்கும் பொறியும் வாங்கத் தயங்காத கமக்காரர், அடுப்படியில் வேகும் பெண்ணின் பொழுதுக்கும் அவ்வாறே விலை மதித்தல் வேண்டும். அவள் பொழுது மீளுமாயின் பனங்கட்டித் தொழிலும் வளவை விட்டு அகலாது.