தானாய் முளைத்த மரத்துக்கு நட்ட தேதி கேட்பதா?

விவசாய நிலங்களில் உள்ள மரங்களை வெட்டுவதற்கென 2025 ஜூனில் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட மாதிரி விதிகளை, மர விவசாயத்துக்குக் கிடைத்த விடுதலை என்று சொல்கிறார்கள். விவசாயி தன் நிலத்தில் மரம் வளர்த்து விற்க வழி திறந்தால், காட்டு மரத்தின் மீதான சுமை குறையும் என்பது அதன் பின்னுள்ள கணக்கு. கணக்கில் தவறில்லை. அதை நிறைவேற்ற எழுதப்பட்ட விதிகள்தான் வயலையும் வரப்பையும் பார்க்காமல் எழுதப்பட்டவை.

விதிகள் என்ன கேட்கின்றன? நிலத்தின் உரிமை விவரத்தையும் இருப்பிட வரைபடத்தையும் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். எந்த வகைக் கன்று, எத்தனை, எந்த மாதம், எந்த ஆண்டு நடப்பட்டது, சராசரி உயரம் என்ன என்று பதிய வேண்டும். இருப்பிடக் குறியுடன் படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். பத்து மரம் வரை என்றால் படங்களை ஏற்றித் தடையில்லாச் சான்று பெறலாம். அதற்கு மேல் போனால் சரிபார்க்கும் முகமை ஒன்று நேரில் வந்து பார்த்து அறிக்கை தர வேண்டும்.

ஒரே நாளில் ஓர் ஏக்கரில் தேக்கோ மலைவேம்போ நட்டவருக்கு இந்தப் படிவம் பொருந்தும். கையில் நாற்றுப்பண்ணை ரசீது இருக்கும், மரங்கள் வரிசையில் நிற்கும், எல்லாவற்றுக்கும் ஒரே வயது. ஆனால் நம் புன்செய் மரங்களில் பெரும்பங்கு அப்படி வந்தவை அல்ல.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களைப் பாருங்கள். சுற்றிலும் முள்கிளுவை வேலி, தரையெங்கும் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். அந்த வறண்ட மண்ணில் காங்கேயம் மாடும் செம்மறியும் பிழைத்துக் கிடப்பது இந்த மூன்றும் சேர்ந்திருப்பதால்தான். பல ஆண்டுகளுக்கு அங்கே ஏர் பூட்டுவதில்லை. புல்லின் வேர் மண்ணைப் பிடித்திருக்கிறது, உதிரும் இலையும் சாணமும் அங்கேயே மக்குகின்றன, பெய்கிற கொஞ்ச மழையும் ஓடிவிடாமல் உள்ளே இறங்குகிறது. மண்ணைக் கிளறாதே, வெயிலில் வெறுமையாய் விடாதே, ஒன்றை மட்டுமே விளைக்காதே என்று மண்காப்பு வேளாண்மை சொல்லும் மூன்று நெறிகளையும் மரத்தோடு சேர்த்துக் கடைப்பிடித்து வந்த நிலம் அது. அங்கே நிற்கும் வெள்வேலத்தில் பலவற்றை யாரும் நடவில்லை. ஆடு நெற்றைத் தின்றது, புழுக்கையில் விதை விழுந்தது, மழைக்கு முளைத்தது. நிலத்துக்காரர் செய்தது ஒன்றுதான்: பிடுங்காமல் விட்டார். அந்த மரத்துக்கு எந்த மாதத்தை, எந்த ஆண்டைப் பதிவது?

வரப்பில் நிற்கும் வேம்பைக் காக்கை போட்டது. ஓடையோரப் புங்கன் வெள்ளத்தில் வந்த விதை. கரையில் நிற்கும் பனையின் வயதை அதன் நிழலில் வளர்ந்த தாத்தாவும் அறிந்திருக்க மாட்டார். இவைதான் சிறு விவசாயியின் மரங்கள். பெண்ணுக்குக் கல்யாணம் வந்தால் இரண்டு, கிணறு தூர்ந்தால் மூன்று என்று வெட்டி விற்பது இவற்றைத்தான். தோப்பு வைக்கும் வசதி உள்ளவருக்கு விதிகளில் இடம் இருக்கிறது. மரத்தைத் தலைமுறையாகக் காப்பாற்றி நிற்பவருக்கோ நட்ட தேதி என்ற கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. பொய்யாக ஒரு தேதி எழுத வேண்டும், இல்லையென்றால் பதிவுக்கு வெளியே நிற்க வேண்டும். வெளியே நிற்கும் மரத்துக்கு மரவியாபாரி என்ன விலை சொல்வார் என்பதை விளக்கத் தேவையில்லை.

உலகில் நிலத்து மரங்கள் மிகப் பெரிய அளவில் மீண்ட இடங்களில் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர். மராடி, ஸிண்டர் பகுதிகளில் சுமார் 50 லட்சம் எக்டேர் வயல்களில் மரம் திரும்பி வந்தது. கன்று நட்டதால் அல்ல. வெட்டுப்பட்ட அடிக்கட்டைகளிலிருந்து துளிர்த்தவற்றில் நல்ல கிளையை விட்டு மற்றதைக் கழித்து, விவசாயிகளே வளர்த்தெடுத்தார்கள். அதற்கு முன், வயலில் நின்ற மரமும் அரசுக்கே சொந்தம் என்ற காலனிக் காலத்துச் சட்டம் அங்கே இருந்தது. அதன் பிடி தளர்ந்து, மரம் தன்னுடையது என்று விவசாயி நம்பத் தொடங்கிய பிறகே இது நடந்தது. அந்த வயல்களில் பரவலாக நிற்கும் ஒரு வேல மரம் மழைக்காலத்தில் இலையுதிர்த்துக் கம்புப் பயிருக்கு வெளிச்சமும் உரமும் தருகிறது. அதற்கும் யாரிடமும் நட்ட தேதி கிடையாது.

இன்னொன்று. விதிகள் மரத்தைக் கன மீட்டரில் மட்டுமே பார்க்கின்றன. ஆனால் வேளாண்மையோடு இணைந்த மரத்தின் வேலை ஆண்டுதோறும் நடப்பது. அகத்தியும் கிளைரிசிடியாவும் புங்கனும் கழித்துப் போட்ட தழை மண்ணுக்கு மூடாக்கு, மீதிக் குச்சி அடுப்புக்கு விறகு. இந்திய வன நில அளவை நிறுவனத்தின் 2011 அறிக்கை, நாட்டின் ஆண்டு விறகுச் செலவை 21 கோடி டன்னுக்கு மேல் என்று மதிப்பிட்டது. அதில் கால் பங்குக்கு மேல் காட்டிலிருந்து வந்தது. அந்தக் கால் பங்கை வயல்தான் ஈடு செய்ய முடியும், அதுவும் மண்ணோடு சேர்த்து வளர்க்கப்படும் மரத்தால். காட்டைக் காப்பதாகச் சொல்லி எழுதிய விதிகளில் அந்த மரத்தைப் பற்றிய நினைவே இல்லை.

விதி எழுதும் மேசைகளில் இப்படி நடப்பது இது முதல் முறையும் அல்ல. மூங்கில் ஒரு புல் என்பது பள்ளிப் பாடம். 1927-ஆம் ஆண்டு வனச் சட்டம் அதை மரம் என்றது. காட்டுக்கு வெளியே விளையும் மூங்கிலுக்கு மட்டுமாவது அதைத் திருத்த 2017 வரை ஆயிற்று. தொண்ணூறு ஆண்டுகள், தன் நிலத்து மூங்கிலை வெட்டவும் கொண்டுபோகவும் விவசாயி அனுமதிக்கு அலைந்தான். தமிழகத்தில் 2002-க்கு முன், பட்டா நிலத்துச் சந்தன மரமும் அரசுக்கே உரியது. சந்தனக் கன்று முளைத்ததும் வம்பு வேண்டாம் என்று பிடுங்கி எறிந்தார்கள். மரத்தைக் காக்க வந்த சட்டம் மரத்தைக் கன்றிலேயே கொன்றது. அந்தப் பாடம் படித்தவர்கள் எழுதிய விதிகளாக இவை தெரியவில்லை.

1976-ல் தேசிய வேளாண் ஆணையம் சமூகக் காடுகளைப் பரிந்துரைத்தது, கிராமத்துக்கு விறகும் தீவனமும் கிடைத்தால் காட்டை விட்டுவிடுவார்கள் என்பதற்காக. பல மாநிலங்களில் நட்டது தைலமரம். அது அடுப்புக்கும் வரவில்லை, ஆட்டுக்கும் ஆகவில்லை, காகித ஆலைக்கும் ரேயான் ஆலைக்கும் போயிற்று. 2014-ல் தேசிய வேளாண் காடுகள் கொள்கை வந்தது. இப்படியொரு கொள்கை வகுத்த முதல் நாடு நாம் என்று பெருமை பேசினோம். அதற்கென 2016-17-ல் தொடங்கிய துணை இயக்கம் தனித்து நின்றது சில ஆண்டுகள்தான். பிறகு வேறொரு பெரிய திட்டத்துக்குள் கூறாகக் கரைக்கப்பட்டது. அதே காலத்தில் இயந்திரமயமாக்கத் திட்டம் ரோட்டவேட்டருக்கு மானியம் தந்தது. மண்ணை மாவாக்கி, மரத்தின் மேல் வேர்களை அறுத்து, திரும்ப இடமில்லை என்று வரப்பு மரத்தையும் சாய்க்க வைத்த கருவி அது. கன்றுக்கு ஒரு துறை, மண்ணுக்கு ஒரு துறை, வெட்டுவதற்கு ஒரு துறை. ஒன்று செய்வதை இன்னொன்று அழிப்பதை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், மீண்டும் ஒரு படிவத்தோடு வருவதை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது.

இவை மாதிரி விதிகள்தான். மாநிலம் அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழக அரசு இவற்றை இந்த வடிவில் ஏற்கக் கூடாது. தானாய் முளைத்த மரத்தையும் கழித்து வளர்க்கும் மரத்தையும் உழாத நிலத்தையும் அறிந்த விதிகள் வேண்டும். வேளாண் துறையும் வனத் துறையும் ஒன்றாய் உட்கார்ந்து, கொறங்காட்டுக்காரரையும் மலைவாழ் விவசாயியையும் அழைத்துப் பேசி, புதிதாக எழுதட்டும்.